ஒன்பது நாள் நார்வேயை அடுக்கினது நான்

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், மழை வந்தால் முழங்கால் தண்ணி நிற்கிற சந்தில், மூணு மாடி வீடு கட்டியவன் நான். அஸ்திவாரம் தோண்டும்போதே "இந்த மண்ணுல நிக்காது" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஓடிப்போனான். வீடு நிற்கிறது. மேஸ்திரியைத்தான் காணோம். ஆறாம் வகுப்பு வாசலோடு திரும்பி வந்த நான், ஹார்பரில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் நாற்பது ஆளை வைத்து கேங் நடத்தினேன். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததும் என் தொண்டையால்தான். அன்றைக்கு ஆபீசில் நான் போட்ட சத்தம் இன்னும் அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மகன் பாஸ்கரை என்ஜினீயர் ஆக்கினேன். அவனாக ஆகவில்லை, நான் ஆக்கினேன். அந்த வித்தியாசம் அவனுக்கே தெரியும்.

இந்தப் பட்டியலில் புதுசாக ஒன்று சேர்க்கிறேன். இந்த மே மாதம் என் குடும்பம் நார்வே நாட்டில் ஒன்பது நாள் காரில் சுற்றியது. அந்தப் பயணத்தைக் கட்டியதும் நான்தான்.

சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது மருமகள் ரேவதி. பாருங்கள், அடுத்தவர் செய்த வேலைக்கு நான் முதல் பக்கத்திலேயே பேர் போட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். பன்னிரண்டாவது முடித்த என் பேத்தி யாழினி, ஊருக்கு வந்ததும் படங்களை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாகவே அச்சடித்து வரவழைத்தாள். பளபளவென்று கெட்டி அட்டை. கடைசிப் பக்கத்தில், சினிமா முடியும்போது ஓடுமே, அந்த மாதிரி பேர்கள். திட்டம்: அப்பா. வண்டி: அப்பா, அம்மா. வழி காட்டியது: கபிலன். கபிலன் என் பேரன், ஒன்பதாவது படிக்கிறான். படம், எழுத்து: யாழினி. எல்லாவற்றுக்கும் கீழே, கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு படிக்கட்டில் நான் குந்தியிருக்கும் படம். அதற்கு அடியில் மூன்று சொல். "துணைக்கு வந்தவர்: தாத்தா."

துணைக்கா வந்தேன் நான்?

ஜனவரி நடுவில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. பாஸ்கர் தினமும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துவிடுவான். அவன் போட்ட திட்டத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு இடம். அருவி, அதற்கப்புறம் இன்னொரு அருவி, அப்புறம் மியூசியம், அப்புறம் அருவி. கபிலன் ஒவ்வொன்றுக்கும் கொட்டாவி விட்டான். யாழினி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நான் வரல. நான் ஆயாகூட இங்கயே இருக்கேன்." ஆயா என்றால் என் வீட்டுக்காரி.

"ஆகஸ்ட்ல காலேஜுக்கு வெளியூர் போயிடுவ. அதுக்கு முன்னாடி நாலு பேரும் ஒன்னா ஒரு தடவை போலாம்னுதானே இவ்ளோ பாடு?" என்றான் பாஸ்கர்.

"நீங்க ஒன்னா போகலப்பா. ஒன்னா ஓடப் போறீங்க. டியூஷன்ல ஓடினது பத்தாதா எனக்கு?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் வராவிட்டால் யாரும் போகப்போவதில்லை என்பது பாஸ்கர் முகத்தில் எழுதியிருந்தது. மூன்று வாரம் இதே சண்டை. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாவது வாரம் நானே எழுந்தேன்.

"பாஸ்கரு, ஒரு பேப்பர் குட்றா."

"எதுக்கு நைனா? உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் முடிந்துபோன ஜனவரியைக் கிழித்து, பின்பக்கம் ஒரு கப்பலின் வயிற்றை வரைந்தேன்.

கேங் நடத்தினாலும் ஹார்பரில் நான் நின்று பார்த்தது சிக்னல்மேன் வேலை. சரக்கு கப்பலின் அடிக்குள் இறங்கும்போது, மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. கப்பலின் வாய் விளிம்பில் நின்றுகொண்டு நான் காட்டும் கைதான் அவனுக்குக் கண். அப்படி நின்று நின்று, ஒரு கப்பலை எப்படி அடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். கடைசித் துறைமுகத்தில் இறங்க வேண்டிய சரக்கை முதலில் ஏற்ற வேண்டும். அது அடியில் போய்விட்டால் நடுவழியில் எவனும் தொட முடியாது, மேலே அவ்வளவு கிடக்கும். இன்னொன்று, சரக்குக்கும் சரக்குக்கும் நடுவே சும்மா பலகை வைத்து இடம் விட வேண்டும். விடாவிட்டால் ஒன்றோடொன்று உரசி எல்லாமே வீணாகும்.

"ஆளுக்கு ஒன்னே ஒன்னு சொல்லு," என்றேன். "அது இல்லன்னா நீ வரமாட்ட. அப்பிடி ஒன்னு."

கபிலன் காரோடு கப்பலில் ஏற வேண்டும் என்றான். பாஸ்கருக்கு வளைந்து வளைந்து போகிற மலை ரோடு. ரேவதி தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வேளைகூட நான் சமைக்க மாட்டேன் மாமா," என்றாள். யாழினி தட்டை ஒதுக்கி வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஒரு நாள் முழுக்க கார் கதவை யாருமே திறக்கக் கூடாது."

"அவ்ளோ தூரம் பிளேன்ல போயி சும்மா குந்தறதா?" பாஸ்கருக்குக் கோபம்.

"டேய், அவ சரக்கு அது. நீ இன்னா கேக்கறது?" என்று அதட்டி, அவள் நாளை எட்டாம் நாளாக, அடியில் எழுதினேன். ஒன்பதாம் நாள் காலை விமானம். அதன் மேல் மற்றவர்கள் கேட்டது. நாளைக்குப் பன்னிரண்டு இடத்தில் எட்டை அடித்தேன். ஒவ்வொரு நாளிலும் இரண்டு மணி நேரம் பலகை, அதாவது காலி.

யாழினி தாளைப் பார்த்தாள். "அப்பா நடுவுல மாத்திட்டா?"

"கப்பலே கவுந்தாலும் அது அடியிலதான் கண்ணு கெடக்கும். நான் சொல்றேன்."

அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு என்ன வேண்டும், என் துறைமுகம் எது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் என்ன? சிக்னல்மேனை எவன் கேட்டிருக்கிறான்? என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு இன்னா, டிவி கீது" என்று நின்றுவிட்டாள். அவர்கள் நாலு பேரோடு ஐந்தாவதாக நான் கிளம்பினேன்.

முதல் நாளே வாடகைக் கார் கொடுக்கும் இடத்தில் சாமான் ஏறவில்லை. பாஸ்கர் மூன்று தடவை அடுக்கி மூன்று தடவையும் கதவு மூடவில்லை. என்னைப் பின்சீட்டில் உட்கார்த்திவிட்டுத்தான் இந்த வித்தை. நான் இறங்கினேன், எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன், நாலு நிமிஷத்தில் அடுக்கினேன். சாவி கொடுத்த பையன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஏதோ சொன்னான். கபிலன்தான் எனக்கு இங்கிலீஷ். "இவர் இதுக்குன்னே வந்தவரான்னு கேக்குறான் தாத்தா." ஆமாம் என்று சொல்லச் சொன்னேன்.

கதவுப் பையில் ஒரு ஆரஞ்சு கலர் மினுமினுச் சட்டை இருந்தது. வழியில் வண்டி நின்றால் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம், சட்டம். ஹார்பரில் கடைசிக் காலத்தில் நாங்கள் போட்டது இதேதான். ஸ்வெட்டருக்கு மேல் மாட்டிக்கொண்டேன்.

"மாமா, அதைக் கழட்டுங்களேன். எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் ரேவதி.

"பாக்கட்டும். பாக்கத்தான் அது."

அந்த ஊர் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையைக் குடைந்து உள்ளே போகிறார்கள், கடலுக்கு அடியிலும் போகிறார்கள், ஆனால் ஒருத்தனும் ஒருத்தனை முந்துவதில்லை. ஒன்பது நாளில் நான் ஹாரன் கேட்டது இரண்டே தடவை. இரண்டும் என் மகன் அடித்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கி, துணி துவைத்து, சீட்டும் ஆடி முடிப்பார்கள். இங்கே ஆடு குறுக்கே வந்து நின்றால் எல்லா வண்டியும் எஞ்சினை அணைத்துவிட்டு அது போகிற வரைக்கும் காத்திருக்கிறது. ஆடும் அவசரப்படவில்லை.

சாப்பாடு ரேவதிக்குக் கொடுத்த வாக்குப்படி கடையில். பெட்ரோல் பங்குதான் அந்த ஊர் ஓட்டல். நீட்டு ரொட்டிக்குள் சாசேஜை வைத்துத் தருகிறார்கள், பெட்ரோல் போட்ட கையோடு எல்லாரும் அதைத் தின்றுகொண்டே நிற்கிறார்கள். பழுப்பு கலரில் ஒரு சீஸ், பால்கோவா அடி பிடித்த மாதிரி தித்திக்கிறது. பிள்ளைகள் துப்பினார்கள். நான் மூன்று நாளில் ஒரு கட்டி முடித்தேன்.

நாலாம் நாள் கடலோரத்தில் ஒரு வாசனை. காருக்குள் எல்லாரும் மூக்கைப் பிடித்தபோது நான் "நிறுத்து" என்றேன். மரக்கம்புகளில் பந்தல் மாதிரி கட்டி, பெரிய பெரிய மீன்களை வாலோடு வால் முடிந்து ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கருவாடு! அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் எவ்வளவு உப்பு என்று கபிலனை விட்டுக் கேட்டேன்.

"உப்பே இல்லை. குளிரும் காற்றும் போதும்," என்றாள்.

எங்கள் காசிமேட்டில் உப்பில்லாமல் இப்படித் தொங்கவிட்டால் மத்தியானத்துக்குள் நாற்றத்தில் தெரு காலியாகிவிடும் என்று சொல்லச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கள் வெயிலில் ஒரு வாரத்தை எங்களுக்கு அனுப்புங்கள், அதற்குப் பதில் இந்தக் காற்றை எடுத்துப் போங்கள்," என்றாள். யாழினி அதுவரை காதில் மாட்டிய இயர்போனைக் கழற்றாதவள், கழற்றிவிட்டுப் பந்தலுக்குக் கீழே போய் நின்று மூச்சை இழுத்தாள். "நம்ம மொட்டை மாடி வாசனை," என்றாள். என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இன்னாது, உப்பில்லாத கருவாடா? அத துன்னுகினு வராத, வயித்தால போவும்," என்றாள் அவள். வெளிநாடு என்றால் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

ஐந்தாம், ஆறாம் நாளில் பாஸ்கரின் மலை ரோடு. வளைவுக்கு வளைவு அவன் வாய் பிளந்தது, ரேவதி கண்ணை மூடிக்கொண்டாள். மலை என்றால் மலைதான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஏழாம் நாள் வந்தது வினை. கூழாங்கல் ரோட்டில் டயர் கிழிந்தது. டிக்கியைத் திறந்து சாமானை இறக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியே இல்லை! ஒரு பசை டப்பா வைத்திருக்கிறார்கள், அது கிழிசலுக்கு ஆகாது. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை நாலு அடிக்கு ஒரு பஞ்சர் கடை. இங்கே கண்ணுக்கெட்டின தூரம் ஆடும் மலையும்தான். உதவி வண்டி வந்து சேர நாலு மணி நேரம். வந்த டிரைவர் நல்ல மனுஷன், டயரை மாற்றிவிட்டுக் கறுப்புக் காபியும் ஊற்றிக் கொடுத்தான். அவன் பேர் தெரியாது, தெரிந்தால் போட்டிருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கார் ஏறுகிற கப்பலைப் பிடித்து அக்கரை போக வேண்டும். யாழினியின் வீடு, அதாவது எட்டாம் நாளுக்கு எடுத்த மரவீடு, அக்கரையில். நாங்கள் துறைக்கு வந்தபோது அன்றைய கடைசிக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. விடுமுறைக் கூட்டம். எங்களுக்கு முன்னால் மூன்று வண்டி மிச்சம் இருக்கும்போது, தளத்தில் தனியாக நின்று வண்டிகளை அடுக்கிய பெண் இரண்டு கையையும் குறுக்கே வைத்துவிட்டாள். இடம் இல்லை. அடுத்த கப்பல் மறுநாள் மதியம்.

பாஸ்கர் ஸ்டியரிங்கில் தலை வைத்தான். "யாழி, வேற வழியில்ல. நாளைக்கு உன் நாளைத்தான் எடுத்துக்கணும்."

அவள் அப்பனைத் திட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் காதில் மாட்டிக்கொண்டாள்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். "நைனா, எங்க போறீங்க?" கப்பலுக்குள் வண்டி ஏறுகிற சாய்வுப் பலகை தொடங்கும் இடம் வரைக்கும் போய் உள்ளே பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நடு வரிசையில் வீடு மாதிரி ஒரு கேரவன் வண்டி கோணலாக நின்றது. அதன் முன்னால் இடம் சும்மா கிடக்கிறது, அதன் பின்மூலை பக்கத்து வரிசையில் நுழைந்து அதையும் அடைக்கிறது. அது நேராகி முன்னால் போனால் அதற்குப் பின்னால் இரண்டு வண்டி, பக்கத்து வரிசையில் இரண்டு. கணக்கு முடிந்தது. அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து அந்த மூலை தெரியாது.

இடத்தை அளக்கிற பழக்கத்தில் என் வலது கை தானாக மேலே போய் விரல்கள் மடங்கின. வரிசையில் முதலில் நின்ற வண்டி உடனே கிளம்பிவிட்டது! உள்ளே ஒரு வயதான ஜோடி. ஆரஞ்சு சட்டை போட்டவன் கை காட்டுகிறான், அவர்கள் வருகிறார்கள். அந்தப் பெண் ஓடி வந்து கத்தினாள். நான் முஷ்டியை மூடினேன். வண்டி அப்படியே நின்றது.

கபிலன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "யாரு நீங்க, மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி போங்கன்னு சொல்றாங்க தாத்தா!"

போனேன். அடுத்தவன் கப்பலில் கை நீட்டக் கூடாது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்டுக்குப் பின்னால் நின்று கை காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே விரித்து, கேரவனுக்கு முன்னால் இவ்வளவு இடம் என்று காட்டினேன். முழங்கையைச் சாய்த்து, கோணல் என்று காட்டினேன். அவள் முதலில் முறைத்தாள். அப்புறம் தலையை மட்டும் திருப்பிக் கேரவனைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்த வேலை பார்த்தவன் இந்த வேலை பார்த்தவனைப் பார்க்கிற பார்வை.

அவள் கேரவனின் ஜன்னலைத் தட்டினாள். நான் விரலால் மெதுவா, மெதுவா என்றேன். அவள் அதையே டிரைவருக்குக் காட்டினாள். இடது பக்கம். இன்னும். ஒரு கை அளவு. நிறுத்து. ஒரு வார்த்தை பேசவில்லை இரண்டு பேரும். முதல் வண்டி போனது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது எங்களுடையது. அவள் தளத்தில் நின்றபடியே கையை என் பக்கம் நீட்டினாள்: நீ ஏற்று.

பாஸ்கர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என் கையைப் பார்த்து நடந்தது அன்றைக்குத்தான். முஷ்டியை மூடினேன், நின்றான். கப்பலின் பின்கதவு ஏறி மூடியபோது எங்கள் வண்டிக்கும் அதற்கும் நடுவே என் உள்ளங்கை போகிற இடம் இருந்தது.

பக்கத்து வண்டி ஜோடி இங்கிலீஷில் பேசிக்கொண்டதைக் கபிலன் எனக்குச் சொன்னான். "கம்பெனியில் புது ஆள் எடுத்திருக்கிறார்கள் போல." "வயசானவர்தான், ஆனால் கெட்டிக்காரர்." அந்தப் பெண்ணும் வந்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தத் துறைமுகம்னு கேக்குறாங்க தாத்தா."

எந்த நாடு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். "மெட்ராஸ்," என்றேன் நானே. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் கார் கதவை யாரும் திறக்கவில்லை. யாழினி தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தாள், படுத்தாள், ரொட்டி தின்றாள், ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் ரேவதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக மார்க்கு, டியூஷன் தவிர வேறு பேச்சே இல்லாத இரண்டு பேரும், எதையோ பேசிச் சிரித்தது நான் இருந்த மரவீட்டுப் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. பாஸ்கர் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பக்கத்தில் குந்தினான்.

என் ஸ்வெட்டர் காருக்குள் மாட்டிக்கொண்டது. வெறும் சட்டைக்கு மேல் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு படிக்கட்டில் நடுங்கிக்கொண்டு இருந்தேன்.

"தாத்தா, போய் எடுத்துக்கோங்க. பரவால்ல," என்றாள் யாழினி.

"கதவு தொறக்கக் கூடாதுன்னா தொறக்கக் கூடாது. உன் சரக்கு அது."

அவள்தான் தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். அப்போது எடுத்த படம்தான் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் படத்துக்குக் கீழே துணைக்கு வந்தவர் என்று போட்டால் எனக்கு வயிறு எரியாதா? கேட்டேன். "நீங்க புக் பண்ணல, ஓட்டல, இடம் எதுவும் தேடல தாத்தா. வேற என்னன்னு போடறது?" என்றாள் யாழினி. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். "விடுங்க நைனா, ஆல்பம்தானே," என்றான் பாஸ்கர். என் வீட்டுக்காரி, "பேரு போட்டா இன்னா, போடாட்டி இன்னா, சோறா போடப் போவுது?" என்றாள்.

விடமாட்டேன். ஹார்பரில் நான் கை காட்டி இறக்கிய கப்பல்களுக்கு அளவே இல்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் எந்தச் சரக்கு எங்கே என்று ஒரு படம் போடுவார்கள். படத்துக்கு அடியில் கையெழுத்து ஆபீஸர் போடுவார். அவர் போட்ட படத்தின்படி சரக்கு ஏறாமல், நான் இடம் மாற்றி ஏற்றிய கப்பல்கள் உண்டு. மறுநாள் படத்தையும் அதே மாதிரி மாற்றி வரைவார்கள். கையெழுத்து அவருடையதே. இங்கிலீஷ் தெரியாது, அதனால் என் பேருக்கு அந்தத் தாளில் இடமில்லை. அப்போது கப்பலில் எனக்கு வாய் இல்லை. இப்போது இருக்கிறது.

ஜனவரி மாதத் தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கப்பல் வயிறும், அடியில் யாழினியின் எட்டாம் நாளும், என் கையெழுத்தில். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். யாழினி ஆகஸ்டில் காலேஜுக்குப் போகும்போது எடுத்துப்போக இன்னொரு புத்தகம் அச்சடிக்கப் போகிறாளாம். நல்லது. திட்டம் என்ற இடத்தில் அவள் அப்பன் பேர் இருக்கட்டும், அவனும் பாடுபட்டான். அந்தத் துணைக்கு வந்தவரை அடித்துவிட்டு, என் படத்துக்குக் கீழே இப்படிப் போட வேண்டும்:

அடுக்கினது: ஏ. கன்னியப்பன், ராயபுரம்.

தாத்தா என்று போட்டால் செல்லாது. பேர் வேண்டும், இனிஷியலோடு.